முன்சீட்டில் சித்தி

என் சித்தி தன் வாழ்நாளில் முதன்முதலாக வாயை மூடிக்கொண்டு இருந்தது ஒரு காலை நேரத்தில்தான். அந்த ஒரு காலையில் நாங்கள் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தோம். இதை இப்படிப் பச்சையாகச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. கண்ணை மூடினால் முதலில் வருவது சித்தியின் கைதான். காரின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தக் கை அடித்துக்கொள்கிறது. வளையல்கள் சலசலக்கின்றன. ம்ம், ம்ம் என்று தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருகிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த சித்தப்பா அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. தோளுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கை அப்படித் துடிப்பது ஒரு மனிதருக்கு எப்படித் தெரியாமல் போகும்? பின்சீட்டில் இருந்த எனக்கு அந்தக் கேள்வி எழுந்த நொடியில்தான் நான் அதுவரை அறிந்திருந்த சித்தப்பா காணாமல் போனார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் பினாங்குத் தீவில், பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு. பிள்ளைகள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சித்தப்பாவுக்கு இராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறி வந்ததால், சித்தி பல வருஷம் பட்டர்வர்த்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. அதற்கெல்லாம் சேர்த்து வைத்து, வேலையை விட்ட மறுமாதமே இருவரும் ஊர்சுற்றக் கிளம்பிவிட்டார்கள். தைப்பிங் ஏரிக்கரையில் தண்ணீருக்கு மேல் சாய்ந்து கிடக்கும் மழைமரங்கள், கோல கங்சாரில் பொன்னிறக் குவிமாடம் வைத்த பள்ளிவாசல், பூஜாங் பள்ளத்தாக்கில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழைய கோயில்களின் அடித்தளங்கள், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் பாதியிலேயே நின்றுபோன வெள்ளைக்காரன் மாளிகை, கேமரன் மலைத் தேயிலைச் சரிவு, மலாக்காவின் கோட்டை வாசல் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒரு டப்பா நிறையப் புளிச்சோறு, அவித்த முட்டை, பிளாஸ்க்கில் தேத்தண்ணி, ஒரு பாய். இவ்வளவுதான் அவர்களுடைய சாமான். ஓட்டலில் தங்குவதைவிட ஏரிக்கரையில் பாயை விரித்து உட்காருவதில்தான் சித்திக்கு இன்பம்.

போகும் வழியெல்லாம் சித்தி பேசுவார். தீவிலிருந்து கரைக்குப் போகும் பாலத்தில் ஏறும்போது ஆரம்பித்தால், திரும்பி வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்வரை ஓயாது. கண்ணில் பட்டதை எல்லாம் வாயால் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. "அங்க பாருங்க, ஒருத்தன் மோட்டார்ல அடுப்புக் கேஸ் தோங்கு கட்டிக்கிட்டு நம்ம இடது பக்கமா வர்றான். ஹெல்மெட்டையும் காணோம்லா. தோ, முன்னாடி போயிட்டான். அந்த லோரி என்னா மரம் ஏத்தியிருக்கு, ஆடி ஆடி ஓரமா ஒதுங்குது. வலது பக்கம் ஒரு சிகப்புக் காடி பறக்குது பாருங்க, பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் போல." இப்படியே மணிக்கணக்கில். குடும்பத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். என் கணவர் ஒருமுறை அவர்களோடு மலாக்கா போய்விட்டு வந்து, காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு நாள் புலம்பினார். சித்தப்பா மட்டும் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. பாட்டுப் போடமாட்டார். சித்தி கொஞ்சம் அசந்தால், "அப்புறம்?" என்பார்.

அந்த "அப்புறம்" எங்கள் வீட்டில் பெயர்போனது. மனைவி பேச்சை இவ்வளவு ஆசையாகக் கேட்கிற ஆம்பளை உண்டா என்று அத்தைமார்கள் தங்கள் வீட்டு ஆண்களை இடிப்பார்கள். முன்சீட்டில் சித்தியைத் தவிர வேறு யாரையும் சித்தப்பா உட்கார விடமாட்டார். கால் நீட்டமுடியவில்லை என்று என் கணவர் கேட்டபோதுகூட, "அது அவ இடம்" என்று சொல்லிவிட்டார். முக்குக் கடைக்கு ரொட்டி வாங்கப் போவதானாலும் சித்தியைக் கூட்டிக்கொண்டுதான் காரை எடுப்பார். புதுமாப்பிள்ளை வர்றார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரித்துக்கொண்டே முக்காலியில் முழங்காலை இடித்துக்கொள்வார். மேசை ஓரத்தில் இருக்கும் கிளாஸைத் தட்டிவிடுவார். கண்ணைப் பிடரியிலா வச்சிருக்கீங்க என்று சித்தி ஏசுவார். எங்களுக்கு அதுவும் சிரிப்புதான். ஏனென்றால் அதே மனிதர் நாளிதழில் கடுகு அளவு எழுத்தில் வரும் மரண அறிவிப்பைக்கூட எழுத்துக்கூட்டாமல் படிப்பார். கண்ணில் கோளாறு என்று யாருக்கு நினைக்கத் தோன்றும்? நான் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். எனக்கே தோன்றவில்லை.

என் மகள் பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய வருஷம் அது. அவளுக்குத் தாதிமைக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும் என்று வீடே சாமியைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. நான் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். சித்தி என்ன நேர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது. இடம் கிடைத்த செய்தி வந்ததும்தான் வாயைத் திறந்தார். காலையில் குளித்ததிலிருந்து ஈப்போவில் குன்றடியில் இருக்கும் முருகன் கோயிலில் தீபாராதனை பார்க்கும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நேர்ந்திருக்கிறாராம். வீடு கொல்லென்று சிரித்தது. அதற்கு மொட்டையே போட்டுக்கொள்ளலாமே என்றேன். சித்தி கோபித்துக்கொண்டார். "நமக்கு எது முடியாதோ அதைத்தானேம்மா சாமிக்குக் கொடுக்கணும்? முடியிறதைக் கொடுக்கிறதுக்குப் பேரு வேண்டுதலா?" என்றார்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம், வேறு ஏதாவது நேர்ந்துகொள் என்றார். நேர்ந்ததை மாற்ற முடியாது என்று சித்தி சொன்னதும், உனக்குப் பதிலாக நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன், அலகு குத்திக்கொள்கிறேன் என்றார். பஸ்ஸில் போவோமே என்றார். என் காரில் போகலாமா என்று என்னைக் கேட்டார். அன்று என் கணவருக்கு ஷிப்ட், கார் அவரோடு போய்விடும் என்றேன். ஒருநாள் மனைவி பேசாவிட்டால் இந்த மனிதர் உயிரை விட்டுவிடுவார் போலிருக்கிறதே என்று எல்லாரும் மறுபடியும் சிரித்தோம். அவர் பயந்துபோய்க் கிடந்தார். நாங்கள் அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று காலை சித்தி மஞ்சள் சேலையில், நெற்றி நிறைய விபூதியோடு, உதட்டை இறுக்கிக்கொண்டு வந்து நின்றார். பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. சித்தப்பா காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "நீ முன்னாடி உட்கார்றியாம்மா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அது சித்தியின் இடமாயிற்றே என்று நான் பின்னால் மகளோடு உட்கார்ந்துகொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பாலத்தில் போகும்போது, "பாப்பா, தாத்தாகிட்ட ஏதாச்சும் பேசிக்கிட்டு வாயேன்" என்று என் மகளைக் கூப்பிட்டார். அவள் காதில் பாட்டு மாட்டியிருந்தது. நான் கைப்பேசியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தேன். காருக்குள் அவ்வளவு நிசப்தத்தை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது.

நெடுஞ்சாலையில் இடது ஓரத்திலேயே, ஒரு லோரியின் பின்னால், மாட்டுவண்டி போவதுபோல் போனார். தைப்பிங் தாண்டி பழைய சாலையில் இறங்கினார். எப்போதும் அப்படித்தான் செய்வார். பழைய சாலையில்தான் ஊர் தெரியும் என்பார். கோல கங்சாருக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்களும் கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களும். அங்கேதான் இடது பக்கச் சந்திலிருந்து ஒரு பெரியவர், பின்னால் கூடை கட்டிய மோட்டாரில், சாலைக்கு வந்தார். நான் தலையைத் தூக்கியபோது சித்தியின் கை அடித்துக்கொண்டிருந்தது. ம்ம், ம்ம் என்றார். சித்தப்பா நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். வேகத்தைக் குறைக்கவில்லை, ஒதுங்கவில்லை. "சித்தப்பா!" என்று நான் அலறினேன். அவருக்கு நேர் பின்னால் நான் இருந்ததால், என் குரல் வலது காதுக்குப் பின்னால் கேட்டிருக்க வேண்டும். ஆபத்து அந்தப் பக்கம் என்று நினைத்து, காரை இடது பக்கம், அந்த மனிதர் மேலேயே ஒடித்தார்.

இடது பக்கக் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. பிறகு பிரேக். என் மகள் வீரிட்டாள். நான் கதவைத் திறந்து ஓடினேன். அந்தப் பெரியவர் லாலாங் புல்லுக்குள் கிடந்தார். கூடையிலிருந்த பெத்தாய்க் காய்கள் சாலை முழுக்கச் சிதறியிருந்தன. செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, தொப்பியைத் தேடினார். முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு. கடவுள் அன்று எங்களுக்குச் செய்தது அவ்வளவுதான், ஆனால் அது சின்ன உபகாரமில்லை. உங்கள் ஓட்டுநர் தூங்கிவிட்டாரா என்று மலாயில் என்னைக் கேட்டார். கோபம்கூட இல்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா காரைவிட்டு இறங்கி, அதைத் தடவிக்கொண்டே முன்னால் வந்து, சாலையோர இரும்புத் தடுப்பில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வயதுக்கு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. தூங்கினீங்களா, என்ன நினைப்பில் இருந்தீங்க என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவ பேசலை. அதான்."

சித்திமேல் பழி போடுகிறார் என்று நினைத்தேன். சாமிக்கு விரதம் இருக்கிறவரைக் குற்றம் சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வருகிறது என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அப்படி இல்லை என்றார். பிறகு உடைத்துச் சொன்னார். "எனக்கு நேரா இருக்கிறதுதாம்மா தெரியும். குழாய் வழியா பார்க்கிற மாதிரி. ரெண்டு பக்கமும் ஒண்ணும் கிடையாது. அவ சொல்லுவா, நான் ஓட்டுவேன்."

ஒரு நிமிடம் எனக்குப் பொருளே விளங்கவில்லை. விளங்கியபோது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவரை நான் விடவில்லை, துருவித் துருவிக் கேட்டேன். கிளாக்கோமா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். கண் அழுத்தத்தால் பார்வை ஓரங்களிலிருந்து செத்துக்கொண்டு வரும் நோய். காடி ஓட்டக்கூடாது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டாராம். கண்ணுக்கு விடும் மருந்தைக் காரின் டூல்ஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். தூசிக்கு என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். பாப்பா ஆறாம் வகுப்பு படிக்கும்போதே என்றார்.

ஆறாம் வகுப்பு. அந்த வருஷக் கடைசியில்தான் அவர் என் மகளையும் அவளுடைய இரண்டு தோழிகளையும் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனார். வளைவுக்கு வளைவு பனிமூட்டம். பஸ் வருது, பஸ் வருது, ஒதுங்குங்க, ஒதுங்குங்க என்று சித்தி அலறியதை என் மகள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் காரில் இருந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ. நான் என் மகளைப் பார்த்தேன். பழைய சாலையில் நின்று அழுதுகொண்டே பெத்தாய்க் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே வாந்தி வந்தது. ஓரமாகப் போய் எடுத்தேன்.

இதையெல்லாம் சித்தி கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் முகத்தை நான் எப்படி எழுதுவது? வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தார். கண் மட்டும் விரிந்துகொண்டே போயிற்று. இப்போது பேசிவிடுவார், இப்போது கத்திவிடுவார் என்று பார்த்தேன். பேசிவிடுங்கள் சித்தி, முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான் என்றுகூடச் சொன்னேன். அவர் பேசவில்லை. நேர்ந்தது என் மகளுக்காக. அதை உடைத்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெரியவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். போதும் சகோதரி என்று அவர் கெஞ்சினார். சித்தியின் கண்ணீர் அவர் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. இந்த அம்மாள் ஊமையோ என்று அவர் நினைத்திருப்பார்.

அங்கிருந்து நான்தான் காரை ஓட்டினேன். பெரியவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காட்டி, போலீஸில் சொல்லி, அவருடைய மகன் வந்து அவரை அழைத்துப் போகும்வரை இருந்தோம். போகும்போது அவர் எங்களுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஈப்போ. சித்தப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சித்தி பின்னால். எங்கே வந்திருக்கிறோம் என்று சித்தப்பா ஒரு தடவை கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சித்தியால் முடியாது, என்னால் முடியவில்லை. நான் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் "நீ முன்னாடி உட்கார்றியா" என்று கேட்கத் தெரிந்தவருக்கு, "நீ ஓட்டு" என்று சொல்லத் தெரியவில்லையா? எனக்கு லைசன்ஸ் இருக்கிறது, கை இருக்கிறது, கண் இருக்கிறது. ஒரே ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்கு ஓர் உயிர் விலையா?

கோயிலில் தீபாராதனை முடிந்தது. சித்தி கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். குருக்கள் கொடுத்த விபூதியை முதலில் என் மகளுக்குப் பூசினார். பிறகு தனக்கு. சித்தப்பா கொஞ்சம் தள்ளி, தண்டனைக்கு நிற்பவர்போல் நின்றார். இனி வாயைத் திறக்கலாம். ஏசப் போகிறார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். ஏசட்டும், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன் என்று காத்திருந்தேன். சித்தி அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, தூங்கி எழுந்தவர்போல் கரகரத்த குரலில் சொன்னார்.

"இவ்வளவு நாளும் நான்தானேம்மா காடி ஓட்டியிருக்கேன். லைசன்ஸ் இல்லாம, தெரியாம, நான்தான் ஓட்டியிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் மேலும் சொன்னார். கண்ணில் பட்டதைச் சொல்லுவேன், படாததைச் சொல்லமாட்டேனே. ஏதாவது ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால்? தூங்கிப்போயிருந்தால்? பொறுப்பு என் தலையில் இருந்தது எனக்கே தெரியாதே. இன்றைக்குக் கையை ஆட்டியபோதுகூட, அவர் பார்த்துவிடுவார், பக்கத்தில்தானே இருக்கிறேன் என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் விரதமாவது மண்ணாங்கட்டியாவது, தொண்டை கிழியக் கத்தியிருக்கமாட்டேனா? சொல்லிக்கொண்டே போனார். அர்ச்சனைத் தட்டு வைத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா அவர் காலடியில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் அவர் தன் பக்கத்தைச் சொன்னார். நான் ஓட்டுவதை நிறுத்தினால் இவள் ஊர் பார்ப்பதும் நின்றுபோகும், வாழ்நாளெல்லாம் அடுப்படியில் இருந்தவள், இப்போதுதான் வாய்விட்டுச் சிரிக்கிறாள், அதைப் பறிக்க மனசு வரவில்லை என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கு அன்பு என்று பெயர் சொல்லாதீர்கள் சித்தப்பா, முடியவில்லை என்று வாயால் சொல்ல உங்களுக்கு வெட்கம், அவ்வளவுதான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இந்தக் கதையைக் கேட்கிறவர்களில் பாதிப்பேர், அடடா, என்ன ஒரு தம்பதி என்று உருகுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உருகுகிறவர்கள் ஒருமுறை அந்த லாலாங் புல்லுக்குள் போய் ஓர் ஆள் மூச்சு விடுகிறாரா என்று குனிந்து பார்த்துவிட்டு வரட்டும். அவர்கள் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது வேறு. இது வேறு.

காரை விற்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் சித்தி என்னை இரண்டாம் தடவை அதிரவைத்தார். ஓட்டுநர் பள்ளிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். தெரியாமல் ஓட்டியது போதும், இனிமேல் தெரிந்து ஓட்டுகிறேன் என்றாராம். சொந்தக்காரர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். கணினியில் எழுதும் தேர்வில் தேறினார். மேட்டில் காரை நிறுத்தி எடுப்பதில் தோற்றார், மறுபடியும் தோற்றார், பார்க்கிங்கில் தோற்றார். தோற்று வரும் ஒவ்வொரு முறையும் சித்தப்பாவிடம் பேசமாட்டாராம். கடைசியில் தேறிவிட்டார். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள், புது ஓட்டுநர்களுக்கு ஒட்டும் பி என்ற சிவப்பு எழுத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாயான் பாருவில் போவதைப் பார்த்துப் பையன்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

ஓட்டும்போது சித்தி பேசுவதில்லை. வாயைத் திறந்தால் கை தடுமாறுகிறதாம். இப்போது இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவுக்கு நேர்ப்பார்வையும் மங்கிவிட்டது, வழியில் ஒன்றும் தெரியாது, ஒன்றும் கேட்கவும் கேட்காது. அதனால் அழகான இடம் வந்தால் சித்தி ஓரமாக நிறுத்தி, விளக்கைச் சிமிட்டவிட்டு, அவர் பக்கம் திரும்பிச் சொல்கிறார். மலை எப்படி இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது, யார் துணி துவைக்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டு மறுபடி கிளம்புகிறார். தைப்பிங் போய்ச் சேர அரைநாள் ஆகிறதாம். இதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். அந்த விபத்துக்குப் பிறகு அவர்கள் காரில் நான் ஏறவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் ஷிப்ட் என்று தட்டிக்கழித்தேன். உண்மையில் எனக்குப் பயம். சித்தி ஓட்டுவதைப் பற்றி இல்லை. உள்ளே அந்த மனிதர் இருக்கிறாரே, இன்னும் எதை மறைக்கிறாரோ என்ற பயம்.

போன மாதம் வேறு வழியில்லாமல் போயிற்று. என் மகள் சுங்கை பட்டாணியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், காய்ச்சல் என்று அழைத்திருந்தாள். என் கணவர் வேலையில் இருந்தார். நாங்கள் குடியிருக்கும் சுங்கை பினாங்குக்குச் சித்தி வந்து எங்கள் பிளாட்டின் கீழே ஹாரன் அடித்தார். பின்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, முன்சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிளாட் வாசலிலிருந்து பெரிய சாலையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். காலை நேரம், இரண்டு பக்கமும் மோட்டார்கள் எறும்புபோல் போய்க்கொண்டிருந்தன. பின்னால் ஒரு வேன்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்திருந்தான். சித்திக்கு வேர்த்துவிட்டது. வலது பக்கம் பார்த்தார், மறுபடி வலது பக்கமே பார்த்தார். பதற்றத்தில், எந்த மனைவியும் பக்கத்தில் இருக்கும் கணவரிடம் கேட்பதுபோல் கேட்டுவிட்டார்.

"உங்க பக்கம் ஏதாச்சும் வருதா?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. கண்ணாடியில் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். சித்தப்பா தலையை இடது பக்கம் திருப்பினார். வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டிய மனிதர் திருப்புவதுபோல், கழுத்தை நன்றாக வளைத்துத் திருப்பினார். வேன்காரன் இன்னொரு தடவை அமுக்கினான். இல்லை, போ என்று சொல்லிவிடுவார் என்று பயந்து முன்சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவரால் சொல்ல முடியும். இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தார்.

"எனக்குத் தெரியலை," என்றார். "நீயே பாரு."

சித்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். சித்தப்பாவின் மடிமேல் கையை ஊன்றி, உடம்பு முழுவதையும் சாய்த்து, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஒரு மோட்டார் போனது, பின்னாலேயே பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு இன்னொன்று போனது. வேன்காரன் கத்திக்கொண்டே இருந்தான். இரண்டும் போனபிறகு, இப்ப ஒண்ணும் இல்லைங்க என்று அவரிடம் சொல்லிவிட்டுச் சித்தி காரை எடுத்தார்.